பிக் பிளைண்டில் ஜாக்கி-ஆறு: இதற்கெல்லாம் கால் செய்யலாமா?

#1 நள்ளிரவு ஆட்டக்காரன்

இணையப் போக்கர் போட்டி ஒன்றில் வந்த ஒரு கையை வைத்து எனக்கும் நண்பர் ஒருவருக்கும் பெரிய வாக்குவாதம். இரண்டு பேரும் இறங்கி வரவில்லை, அதனால் உங்கள் முன் வைக்கிறேன்.

பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் போட வேண்டிய கட்டாயப் பந்தயம்) 500/1,000: ஸ்மால் பிளைண்ட் 500, பிக் பிளைண்ட் 1,000. பிக் பிளைண்ட் ஆண்டி (மேசை முழுவதுக்கும் சேர்த்து பிக் பிளைண்ட் போடும் கூடுதல் கட்டாயத் தொகை) 1,000. பரிசு வட்டம் (பரிசு கிடைக்கத் தொடங்கும் கட்டம்) இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது. என்னிடம் 32,000 சிப், பட்டனில் (பொதுச் சீட்டுகள் விழுந்த பிறகு கடைசியாக முடிவெடுக்கும் இருக்கை) இருப்பவரிடம் 45,000. அவருக்கு முன்னால் இருந்த எல்லோரும் ஃபோல்டு (சீட்டைக் கவிழ்த்து விலகல்). பட்டன் பந்தயத்தை 2,000க்கு உயர்த்தி ரெய்ஸ் செய்தார். ஸ்மால் பிளைண்டும் விலகிவிட்டார். பிக் பிளைண்டில் என் கையில் ஜாக்கி-ஆறு, ஒன்று ஆட்டின், மற்றது கிளாவர். மீதி 1,000 போட்டுக் கால் செய்தேன்.

ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டு) பத்து, ஆறு, மூன்று. மூன்றும் வெவ்வேறு இனம். நான் செக் (பந்தயம் போடாமல் விடுதல்), அவர் 1,800 பெட் (பந்தயம்), நான் கால். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) ராணி விழுந்தது. மீண்டும் நான் செக். அவர் 6,000 போட்டார். சீட்டைக் கவிழ்த்துவிட்டேன்.

நண்பரின் வாதம் இது: "டர்னில் கவிழ்க்கப் போகிறவன் முதலிலேயே கவிழ்த்திருக்க வேண்டும். ஜாக்கி-ஆறு எல்லாம் ஒரு கையா?" எனக்கு இந்தத் தர்க்கம் ஒத்துவரவில்லை. ஆனால் ஏன் ஒத்துவரவில்லை என்று அவருக்குப் புரியும்படி சொல்லவும் முடியவில்லை.

#2 பொறுமைக்கடல்

உங்கள் நண்பர் சொன்னதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஜாக்கி-ஆறை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக்கி ஜோடி விழுந்தால் எதிரியிடம் ஏஸ்-ஜாக்கியோ ராஜா-ஜாக்கியோ இருக்கிறதா என்று பயம். ஆறு ஜோடி விழுந்தால் மேலே வரும் ஒவ்வொரு சீட்டுக்கும் பயம். அதற்கு மேல், ஃப்ளாப்பிலிருந்து ரிவர் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) வரை நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். அவர் உங்களைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பார், நீங்கள் இருட்டில் துழாவ வேண்டும்.

பிளைண்டில் போட்ட சிப் போட்ட நொடியே உங்களுடையது அல்ல. அதைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு 1,000, பிறகு ஒரு 1,800. ஆக 2,800 சிப் போனது. முதலிலேயே விட்டிருந்தால் அந்த 2,800ம் உங்களிடமே இருந்திருக்கும். இந்த ஆட்டத்தில் நான் கண்ட எல்லாப் பழைய ஆட்டக்காரர்களும் சொன்னது ஒன்றுதான்: பிளைண்டைக் காக்கிறேன் என்று கிளம்புகிறவன் தன் மொத்தச் சிப்பான ஸ்டாக்கைத் தொலைப்பான்.

#3 கணக்குப்பிள்ளை

பொறுமைக்கடல் ஐயா, உங்கள் பழைய ஆட்டக்காரர்கள் சொன்னது அவர்கள் காலத்து விலைக்குச் சரி. இப்போது விலை மாறிவிட்டது.

இந்தக் கையில் நடுவில் என்ன கிடக்கிறது என்று கூட்டிப் பார்ப்போம். பட்டனின் 2,000, ஸ்மால் பிளைண்டின் 500, பிக் பிளைண்டின் 1,000, ஆண்டி 1,000. மொத்தம் 4,500. நம்மவர் போட வேண்டியது இன்னும் 1,000. அதாவது 5,500 ஆகப்போகும் தொகையில் 1,000 அவருடைய பங்கு. 18.2 சதவீதம் அவர் பக்கம் திரும்பி வந்தால் போதும், கால் செய்ததில் நட்டம் இல்லை.

2000களின் நடுவில் நிலைமை என்ன? பல போட்டிகளின் தொடக்கக் கட்டங்களில் ஆண்டியே கிடையாது. ரெய்ஸ் என்றால் மூன்று மடங்கு என்பது எழுதாத சட்டம். அதே பிளைண்டில் 3,000 ரெய்ஸ் வந்தால் நடுவில் 4,500, நீங்கள் போட வேண்டியது 2,000. தேவை 30.8 சதவீதம். அந்த விலைக்கு ஜாக்கி-ஆறைத் தூக்கி எறிந்தவர்கள் புத்திசாலிகள்தான். பிறகு 2010 வாக்கில் ரெய்ஸ் இரண்டு மடங்கை ஒட்டிச் சுருங்கியது. மேசை முழுவதுக்குமான ஆண்டியை பிக் பிளைண்டே போடும் முறை 2018 வாக்கில் பரவியது. விலை ஏறக்குறைய பாதிக்கு வந்துவிட்டது, அறிவுரை மட்டும் பழைய விலையிலேயே நிற்கிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் பாருங்கள். பட்டன் 2,000 போட்டு 2,500ஐ அள்ளப் பார்க்கிறார். நூற்றுக்கு 44.4 தடவைக்கு மேல் இரண்டு பிளைண்டும் விலகினால், அவர் தன் சீட்டைத் திருப்பிப் பார்க்காமலேயே லாபம் சம்பாதிப்பார். ஸ்மால் பிளைண்ட் பெரும்பாலும் விலகிவிடும். அப்படியானால் தடுக்க வேண்டிய சுமை யார் தலையில்?

2,800 போனது என்கிறீர்கள். ஒரு கையின் முடிவை வைத்து ஒரு முடிவைத் தீர்ப்பிடுவதானால், ஏஸ்-ஏஸ் தோற்ற கையிலும் முதலிலேயே விலகியிருக்க வேண்டும் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

#4 பொறுமைக்கடல்

நல்லது, உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 18 சதவீதம் போதும் என்கிறீர்கள். போக்கரிலேயே மட்டமான கை ஏழு-இரண்டு. எந்தச் சீட்டுக்கு எதிராகவும் சராசரியாக அது ஏறக்குறைய 35 சதவீதம் ஜெயிக்கும். பட்டன் கொஞ்சம் தேர்ந்தெடுத்து ரெய்ஸ் செய்கிறார் என்று வைத்தாலும் 30ஐ ஒட்டி நிற்கும். உங்கள் 18ஐ விட அது எவ்வளவோ மேல். அப்படியானால் ஏழு-இரண்டுக்கும் கால் செய்வீர்களா? ஆம் என்றால் உங்களோடு நான் எந்த மேசையிலும் உட்காரத் தயார். இல்லை என்றால் உங்கள் கணக்கில் ஓட்டை இருக்கிறது.

#5 கணக்குப்பிள்ளை

ஏழு-இரண்டுக்குக் கால் செய்ய மாட்டேன். ஓட்டை இருப்பது கணக்கில் அல்ல, அந்த 30 என்ற எண்ணைப் பார்க்கும் விதத்தில்.

30 சதவீதம் என்பது இருவரும் ஆல்-இன் (மொத்தச் சிப்பையும் பணயம் வைத்தல்) போய், ஐந்து சீட்டும் விழுந்து, கடைசியில் யார் ஜெயிக்கிறார் என்று பார்க்கும் எண். நிஜத்தில் ரிவர் வரை போக விடுவார்களா? ஃப்ளாப்பில் பெட் வரும், டர்னில் பெட் வரும். ரிவரில் ஜெயித்திருக்க வேண்டிய ஏழு-இரண்டு, ஃப்ளாப்பிலேயே குப்பைக்குப் போயிருக்கும். அந்த 30ல் எவ்வளவு உண்மையில் கைக்கு வந்து சேர்கிறது என்பதுதான் கேள்வி. முதலில் பேச வேண்டிய இடத்தில், எதனோடும் ஒட்டாத இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு பாதிதான் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். 15. தேவை 18.2. ஃபோல்டு.

ஜாக்கி-ஆறின் கச்சா (ஆல்-இன்) எண் பட்டனின் அகலமான (பல வகைக் கைகளோடு செய்யும்) ரெய்ஸுக்கு எதிராக மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதில் அறுபது சதவீதம் கைக்கு வந்தாலே 20ஐத் தாண்டுகிறது. லாபம் கொழிக்கும் கை என்று நான் சொல்லவே இல்லை. விலகுவதைவிடச் சிறிது மேல், அவ்வளவுதான். பிக் பிளைண்டில் நாம் எப்போதும் நட்டத்தில்தான் ஆடுகிறோம். அந்த நட்டத்தைக் குறைப்பதுதான் அங்கே கிடைக்கும் ஊதியம்.

ஒரே இனமாக இருந்தால் கதையே வேறு. ஆல்-இன் கணக்கில் சூட்டட் (ஒரே இன) கைக்கும் ஆஃப் சூட் (வெவ்வேறு இன) கைக்கும் இரண்டு, மூன்று சதவீதம்தான் வித்தியாசம். ஆனால் ஃப்ளஷ் டிரா (ஐந்து சீட்டும் ஒரே இனமாக இன்னும் ஒன்றே பாக்கி) கிடைத்த ஃப்ளாப்பில் பெட் வந்தால் நீங்கள் ஓட வேண்டியதில்லை, திருப்பி ரெய்ஸ்கூடச் செய்யலாம். கச்சா எண்ணில் கூடுதல் பங்கு கைக்கு வருகிறது. மொத்தமுள்ள 1,326 கைகளில் சூட்டட் வெறும் 312, நான்கில் ஒரு பங்குகூட இல்லை. இந்த விலைக்குப் பட்டனுக்கு எதிராக அவற்றில் எதையும் நான் விடுவதில்லை. ஆஃப் சூட் 936 இருக்கிறது. ஆட்டக்காரனைப் பிரித்துக் காட்டுவது அந்த 936ல் எங்கே கோடு போடுகிறான் என்பதுதான்.

அந்தக் கோடு நிலையாக ஓரிடத்தில் நிற்காது. பட்டன் ரெய்ஸ் செய்தால் ஜாக்கி-ஆறு உள்ளே. பிக் பிளைண்டுக்கு அடுத்த இருக்கையில், ஒன்பது பேர் மேசையில் முதல் ஆளாக ஒருவர் அதே 2,000 போட்டால் அதே ஜாக்கி-ஆறு வெளியே. விலை ஒன்றுதான், விற்பவர் வேறு.

#6 ரிவர் ராசி

எல்லோரும் இப்படி நுணுக்கமாகப் பேசுகிறீர்கள். டாயில் பிரன்சன் 1976லும் 1977லும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்ற கடைசிக் கை என்ன? இரண்டு முறையும் பத்து-இரண்டு! இரண்டு முறையும் ஃபுல் ஹவுஸ் (ஒரே மதிப்பில் மூன்று சீட்டும் ஒரு ஜோடியும்)! அந்தக் கைக்கே அவர் பெயர் வந்துவிட்டது. குப்பைக் கை என்று ஒன்று கிடையாது.

#7 பொறுமைக்கடல்

அந்த இரண்டு கையும் இருவர் மட்டும் மிஞ்சிய மேசையில் ஆடப்பட்டவை. அங்கே ஒவ்வொரு கையிலும் நீங்கள் ஏதோ ஒரு பிளைண்டில் இருக்கிறீர்கள். ஒன்பது பேர் மேசைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மேலும், பத்து-இரண்டோடு போட்டியை விட்டு வெளியேறியவர்களின் பெயரை எந்தக் கைக்கும் யாரும் வைப்பதில்லை.

கணக்குப்பிள்ளைக்கு: உங்கள் "அறுபது சதவீதம் கைக்கு வந்தால்" என்ற இடத்தில்தான் எல்லாமே இருக்கிறது. அது யாருக்கு வரும்? உங்களுக்கு வரலாம். இந்த இழையைப் படிக்கும் பத்துப் பேரில் எத்தனை பேருக்கு வரும்?

#8 இஸ்பேடு ராணி

பொறுமைக்கடல் ஐயாவின் கடைசிக் கேள்வி நியாயமானது. இழை முழுவதும் கால் செய்வதைப் பற்றியே பேசுகிறது, கால் செய்த பிறகு என்ன என்பதை யாரும் தொடவில்லை.

ஜோடி சேராத எந்த இரண்டு சீட்டும் ஃப்ளாப்பில் ஜோடியாவது சேர்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை. "பட்டால் ஆடுவேன், படாவிட்டால் விடுவேன்" என்று ஆடுகிறவர் மூன்றில் இரண்டு தடவை 1,000ஐ அப்படியே கொடுத்துவிட்டு வருகிறார். மிச்சமிருக்கும் ஒரு தடவையில் அவர் மூன்று தடவைக்குமான செலவையும் எடுக்க வேண்டும். 5,500ல் 3,000, அதாவது பாதிக்கு மேல், சராசரியாக அவர் பக்கம் வந்தாக வேண்டும். கையில் இருப்பதோ பெரும்பாலும் நடு ஜோடி அல்லது கீழ் ஜோடி. முதலில் பேச வேண்டிய நிலை. வராது. அப்படி ஆடுகிறவருக்குப் பொறுமைக்கடல் ஐயா சொல்வதுதான் சரி: ஃபோல்டு செய்துவிட்டுப் போகட்டும்.

கால் செய்வதை லாபத்துக்குக் கொண்டுவருவது படாத ஃப்ளாப்புகள்தான். இப்போதெல்லாம் பட்டனில் இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லா ஃப்ளாப்பிலும் பாட்டின் (நடுவில் சேர்ந்த மொத்தத் தொகை) அளவில் மூன்றில் ஒரு பங்கு பெட் செய்கிறார்கள். அந்தச் சிறிய பெட்டுக்குக் கால் செய்ய 20 சதவீதம் போதும். நாம் நான்கில் ஒரு தடவைக்கு மேல் விலகினால் அவர் வெறும் காற்றை வைத்தே லாபம் பார்ப்பார். ஆக, ஜோடி இல்லாமலும் நிறைய ஃப்ளாப்பில் நிற்க வேண்டியிருக்கிறது. எதை வைத்துக்கொண்டு நிற்பது? உள்வாசல் ஸ்டிரெயிட் டிரா (வரிசையான ஐந்து சீட்டுக்கு நடுவில் ஒன்று மட்டும் பாக்கி), நம் இரண்டு சீட்டும் ஃப்ளாப்பைவிடப் பெரிதாக இருப்பது, டர்னில் ஃப்ளஷ் டிராவாக மாறக்கூடிய ஒரு சீட்டு, இப்படி ஏதோ ஒரு கைப்பிடி இருந்தால் போதும்.

எல்லா ஃப்ளாப்பும் ஒன்றல்ல. ஏஸ்-ராஜா-நான்கு விழுந்தால் அது அவருடைய வீடு. பெரிய ஏஸும் பெரிய ராஜாவும் அவரிடம்தான் இருக்கும், ஏனென்றால் நம்மிடம் இருந்திருந்தால் முதலிலேயே மறு ரெய்ஸ் செய்திருப்போம். அங்கே ஒன்றும் இல்லாமல் வீரம் காட்ட வேண்டாம். ஏழு-ஐந்து-நான்கு விழுந்தால் நிலைமை தலைகீழ். எட்டு-ஆறு, ஏழு-ஐந்து, ஆறு-மூன்று எல்லாம் ஆஃப் சூட்டாகவும் நம்மிடம் இருக்கலாம், அவரிடம் அவ்வளவு இல்லை. அங்கே அவர் பெட் செய்தால் செக்-ரெய்ஸ் செய்ய நல்ல கைகளும் வெறுங்கைகளும் நம்மிடம் நிறைய. மட்டமான சீட்டுக்குக் கால் செய்யும் வழக்கம் இருப்பதனால்தான் இந்த ஃப்ளாப்புகள் நமக்குச் சொந்தமாகின்றன. பிக் பிளைண்டில் நல்ல கைகளை மட்டும் ஆடுகிறவர் ஏழு-ஐந்து-நான்கில் மிரட்டினால் யார் நம்புவார்கள்?

இழையைத் தொடங்கியவரின் கைக்கு வருகிறேன். பத்து-ஆறு-மூன்றில் நடு ஜோடி. 1,800க்குக் கால் செய்ததில் கேள்வியே இல்லை. டர்னில் விலகியது பற்றி எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. ஜோடி வைத்துக்கொண்டு விலகிவிட்டாரே, அது கொஞ்சம் சீக்கிரம் இல்லையா?

#9 கணக்குப்பிள்ளை

சீக்கிரம் இல்லை, அக்கா. டர்ன் நேரத்தில் பாட் 9,100. அவர் 6,000 போட்டதும் 15,100. கால் செய்ய 6,000, ஆகவே தேவை 28.4 சதவீதம். அவரிடம் ஒரு ராணி ஜோடியோ பத்து ஜோடியோ இருந்தால் நம்மவரைக் காப்பாற்ற இரண்டு ஆறும் மூன்று ஜாக்கியும், ஆக ஐந்து சீட்டு. ஒன்பதில் ஒரு தடவை. அது போதாது. அவர் அடிக்கடி பொய்யாகப் பெட் செய்கிறார் என்றால்தான் கால் நியாயமாகும்.

பத்து-ஆறு-மூன்று-ராணியில் பொய்யாகப் பெட் செய்ய அவருக்கு எந்தக் கைகள் இருக்கும்? ராஜா-ஜாக்கி, ஜாக்கி-ஒன்பது, ஏஸ்-ஜாக்கி, ஒன்பது-எட்டு. ஸ்டிரெயிட்டுக்குக் காத்திருக்கும் கைகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஜாக்கி இருக்கிறது. நம்மவர் கையிலும் ஒரு ஜாக்கி இருக்கிறது. நான்கு ஜாக்கியில் ஒன்று இங்கே இருப்பதால், அவரிடம் பொய்க் கை இருக்கும் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறைகிறது. ராணி ஜோடியும் பத்து ஜோடியும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. இதே இடத்தில் ஆறு-ஐந்து இருந்திருந்தால் கால் செய்வதைப் பற்றி யோசித்திருப்பேன். ஜாக்கி-ஆறு இருப்பதால் விடுகிறேன். பார்க்கப் பெரிய சீட்டு, பிடிக்க மோசமான சீட்டு.

ஆக, நண்பருக்கான பதில்: டர்னில் விலகியதும் சரி, முதலில் கால் செய்ததும் சரி. ஒவ்வொரு தெருவிலும் (பந்தயச் சுற்றிலும்) விலை வேறு, செய்தி வேறு. முந்தைய முடிவைப் பிந்தைய முடிவு பொய்யாக்காது.

#10 இஸ்பேடு ராணி

ஜாக்கி பற்றிய இடம் சரி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிரி டர்னிலும் எல்லாவற்றையும் பெட் செய்யும் ரகமானால் இந்த நுணுக்கம் எல்லாம் அடிபட்டுப் போகும், அவருக்கு நான் கால்தான்.

#11 புதுச்சீட்டு

வணக்கம். இங்கே எழுதுவது முதல் முறை. ஸ்மால் பிளைண்டுக்கும் இதே கணக்குப் பொருந்துமா? அங்கேயும் ஏற்கெனவே 500 போட்டிருக்கிறோமே, தள்ளுபடி விலைதானே?

#12 பொறுமைக்கடல்

வாருங்கள் தம்பி. இதற்கு மட்டும் கணக்குப்பிள்ளையும் நானும் சண்டை போட மாட்டோம் என்று நினைக்கிறேன்.

2,000 ரெய்ஸுக்கு ஸ்மால் பிளைண்ட் இன்னும் 1,500 போட வேண்டும். நடுவில் 4,500. தேவை 25 சதவீதம், பிக் பிளைண்டின் 18ஐ விட இது கணிசமாக அதிகம். அதோடு நீங்கள் கால் செய்தால் கை முடிவதில்லை, உங்களுக்குப் பின்னால் பிக் பிளைண்ட் உயிரோடு இருக்கிறார். அவர் பெரிதாக மறு ரெய்ஸ் செய்தால் உங்கள் 1,500 அவருக்குக் காணிக்கை. செய்யாமல் கால் செய்தால் மூன்று பேர் ஆட்டத்தில் எல்லாத் தெருவிலும் நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். அங்கே பலவீனமான கைக்குக் கால் செய்வது இந்த ஆட்டத்திலேயே விலை உயர்ந்த பழக்கம். நல்ல கையானால் மறு ரெய்ஸ், இல்லையானால் ஃபோல்டு. நடுவில் கால் செய்யச் சில கைகள் உண்டு, அவற்றை மெதுவாகக் கற்றுக்கொள்ளலாம்.

#13 கணக்குப்பிள்ளை

சண்டை இல்லை. ஒரு சேர்க்கை மட்டும். பணத்துக்கு ஆடும் சாதாரண மேசைகளில் பெரும்பாலும் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் நடத்துபவர் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். போட்டியில் அந்தக் கட்டணத்தை நுழைவிலேயே கட்டிவிட்டோம், பாட் முழுவதும் நமக்குத்தான். அதோடு ஆண்டியும் சேர்கிறது. பணமேசையில் பழகியவர்கள் போட்டிக்கு வந்து பிக் பிளைண்டில் அளவுக்கு மீறி விலகுவதற்குக் காரணம் இதுதான்.

#14 எல்லைக்கோடு

எல்லோரும் சிப்பை வைத்தே கணக்குப் போடுகிறீர்கள். போட்டியில் சிப் பணம் அல்ல.

மூன்று பேர் மிஞ்சியிருக்கிறார்கள், பரிசு 50, 30, 20 என்று பிரிகிறது, ஸ்டாக் 5,000, 3,000, 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிச் சிப் வைத்திருப்பவரின் பங்கு பணத்தில் எவ்வளவு? 50 அல்ல, 38.4தான். ஐந்தில் ஒரு பங்குச் சிப் வைத்திருப்பவருக்கு 28.9. ஹார்வில் என்பவர் 1973ல் குதிரைப் பந்தயத்துக்காக வகுத்த சூத்திரம், பிறகு மேசன் மால்முத் அதைப் போக்கருக்குக் கொண்டுவந்தார். அதுதான் இன்று எல்லோரும் ஐ.சி.எம். என்று சொல்வது. ஜெயிக்கும் சிப்பின் மதிப்பைவிட இழக்கும் சிப்பின் மதிப்பு அதிகம் என்பதுதான் அதன் சாரம்.

பரிசு வட்டத்துக்கு இரண்டு பேர் பாக்கி என்ற நேரத்தில் உங்கள் 18.2 சதவீதம் செல்லாது. இன்னும் கூடுதலாக வேண்டும். ஜாக்கி-ஆறு போன்ற ஓரத்துக் கைகள் முதலில் காணாமல் போகும்.

#15 இஸ்பேடு ராணி

கொள்கை சரி. ஆனால் "வட்டத்துக்கு அருகில் எல்லாவற்றையும் கவிழ்" என்று இதைப் படித்துவிட்டு ஆட ஆரம்பிப்பவர்களைத்தான் பெரிய ஸ்டாக்காரர்கள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள்.

யார் யாரை வெளியேற்ற முடியும் என்று பாருங்கள். ரெய்ஸ் செய்தவரிடம் உங்களைவிட அதிகம் சிப், மேசையில் உங்களைவிடச் சிறிய ஸ்டாக் மூன்று பேர் தத்தளிக்கிறார்கள். அப்போது கால் செய்யும் கைகளை நன்றாகச் சுருக்குங்கள். 1,000 கொடுத்துக் கால் செய்வது மலிவுதான், ஆனால் டர்னிலும் ரிவரிலும் அவர் உங்கள் முழு ஸ்டாக்கையும் பணயம் கேட்பார், நீங்கள் கொடுக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். கைக்கு வந்து சேரும் பங்கு சுருங்குவது அதனால்தான். மாறாக, ரெய்ஸ் செய்தவர் சிறிய ஸ்டாக், நீங்கள் பெரியவர் என்றால், பயப்பட வேண்டியவர் அவர். அங்கே கோடு அவ்வளவாக நகராது.

இரண்டு விதிவிலக்குகள். அடுத்த போட்டிக்கான இடத்தைப் பரிசாகத் தரும் சாட்டிலைட்டில் எல்லா இடத்துக்கும் ஒரே மதிப்பு. அங்கே இடம் உறுதியாகிவிட்ட ஒருவர் ஏஸ்-ஏஸைக் கவிழ்ப்பதுகூடச் சரியாகும், ஜாக்கி-ஆறைப் பற்றிப் பேசவே வேண்டாம். எதிரியை வெளியேற்றினால் தலைக்கு இவ்வளவு என்று பரிசு தரும் பவுண்ட்டி போட்டியில் நேரெதிர். எதிரியைவிட நம்மிடம் சிப் அதிகம் என்றால் அந்தத் தலைப்பரிசும் பாட்டோடு சேர்ந்த மாதிரி, கால் செய்யும் கைகள் அகலமாகும்.

#16 மேசையடி

நான் நேரடி மேசைகளில்தான் ஆடுகிறேன். நீங்கள் எல்லோரும் 2,000 என்றே பேசுகிறீர்கள். நேரடி மேசையில் 2,500ம் 3,000ம்தான் அதிகம். 2,500க்குத் தேவை 23.1 சதவீதம், 3,000க்கு 26.7. ஆண்டியோடும் இதுதான் நிலை. ஜாக்கி-ஆறு அங்கே ஓடிவிட வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். ரெய்ஸ் அறிவித்தவுடன் பிக் பிளைண்டில் இருப்பவரின் விரல்கள் தானாகவே இரண்டு சிப்பை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்க ஆரம்பித்துவிடும். ரெய்ஸ் எவ்வளவு, யார் செய்தார், அவர் பின்னால் எவ்வளவு வைத்திருக்கிறார், எதையும் இன்னும் பார்த்திருக்க மாட்டார். சீட்டையே ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்திருப்பார். இரண்டும் ஒரே நிறம் என்றால் போதும், சிப் நடுவுக்குப் போய்விடும். ஆட்டினும் டைமண்டும் ஒரே நிறம், ஒரே இனம் அல்ல. ஃப்ளாப் விழுந்த பிறகு மறுபடியும் மூலையைத் தூக்கிப் பார்க்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

#17 புதுச்சீட்டு

ஸ்டாக் மிகவும் குறைந்துவிட்டால்? 12, 15 பிளைண்டு மட்டும் இருக்கும்போது?

#18 கணக்குப்பிள்ளை

விலை அதேதான், ஆனால் உங்கள் கையில் இன்னொரு ஆயுதம் சேர்கிறது: ஆல்-இன். 15 பிளைண்டு ஸ்டாக்கோடு ஏஸ்-ஐந்து ஆஃப் சூட் வந்து பட்டன் 2 பிளைண்டு ரெய்ஸ் செய்தால், கால் செய்து மூன்று தெரு தடுமாறுவதைவிட மொத்தத்தையும் தள்ளிவிடுவது மேல். அவர் விலகினால் 4.5 பிளைண்டு உடனே உங்களுடையது, உங்கள் ஸ்டாக்கில் அது பெரிய துண்டு. ஜாக்கி-ஆறுக்கு ஆல்-இன் கூடாது, அவர் கால் செய்யும் கைகளுக்கு எதிரே அது தாங்காது. அதற்குக் கால் போதும். ஸ்டாக் சிறிதாகச் சிறிதாக ஐந்து-நான்கு போன்ற கைகளின் மவுசு குறையும். ஸ்டிரெயிட் அடித்தாலும் வாங்குவதற்கு எதிரே சிப் வேண்டுமே. மேல் ஜோடி சேரக்கூடிய பெரிய சீட்டுகளுக்கு மதிப்பு கூடும்.

#19 நள்ளிரவு ஆட்டக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இழையை அப்படியே நண்பருக்கு அனுப்பினேன். ஜாக்கி-ஆறை விட்டுவிட்டார், உடனே வேறொன்றைக் கொண்டுவந்துவிட்டார்.

அதே பிளைண்ட், அதே ஆண்டி. ஒன்பது பேர் மேசையில் முதல் ஆள் 2,200 ரெய்ஸ். நடுவில் ஒருவர் கால். ஸ்மால் பிளைண்ட் ஃபோல்டு. பிக் பிளைண்டில் ராஜா-நான்கு, ஆஃப் சூட். நடுவில் 6,900 கிடக்கிறது, போட வேண்டியது 1,200. 14.8 சதவீதம்தான் தேவை. "உங்கள் கணக்குப்பிள்ளையின் கணக்குப்படி இதற்கும் கால்தானே?" என்று கேட்கிறார்.

#20 கணக்குப்பிள்ளை

ஃபோல்டு. முதல் இருக்கையிலிருந்து ரெய்ஸ் செய்தவரிடம் ஏஸ்-ராஜாவும் ராஜா-ராணியும் இருக்கும். கால் செய்தவரிடம் ராஜா-ராணியும் ராஜா-ஜாக்கியும் இருக்கும். ராஜா ஜோடி விழுவதுதான் நமக்கு நல்ல ஃப்ளாப், அந்த ஃப்ளாப்பில்தான் அதிகமாகத் தோற்போம். இருவருக்கு எதிராக நான்கு ஜோடியை யாரிடம் காட்டுவது?

ராஜா-நான்கு ஒரே இனமானால் கால். பத்து-எட்டு ஒரே இனமானாலும் கால்.

#21 பொறுமைக்கடல்

பத்து-எட்டுக்கு நானே கால் செய்வேன்.